கால்குலேட்டருக்கு ஒரு புத்தகம்: எழுதுவதும், அச்சிடுவதும், விற்பதும்



இன்று கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கால்குலேட்டர் இல்லாத கடையைக் காண்பது அரிது. கூட்டவும், கழிக்கவும், விழுக்காடு போடவும் நாள் முழுவதும் அதைத் தட்டிக் கொண்டே இருக்கிறோம். ஒரே கணக்கை நூறு தடவை தட்டும்போது, இந்தத் தட்டல்களின் வரிசையைக் கருவியே நினைவில் வைத்துக் கொண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நம்மில் பலர் எண்ணியிருப்போம். அப்படி நினைவில் வைத்துக் கொள்ளும் கைக் கால்குலேட்டர் 1974-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. தட்டல்களை வரிசைப்படுத்தி அதற்குள் பதிந்து வைப்பதைத்தான் புரோகிராம் எழுதுவது என்கிறார்கள். அந்தப் புரோகிராம்களைச் சொல்லித் தரும் புத்தகங்களும் பின்னாலேயே வந்தன.

மளிகைக் கடைக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் இந்தப் புத்தகங்களில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் தொழிலின் கணக்கு வழிகளில் பெரும்பாலானவை கணக்குப்பிள்ளைகளின் தலைக்குள்ளேயே இருக்கின்றன. அவர் வேலையை விட்டு நின்றால் கணக்கும் அவரோடு போய்விடுகிறது. அதை எழுதி, அச்சிட்டு, காப்பாற்ற வேண்டுமானால், ஒரு சின்னக் கருவியின் கணக்கை எழுதி அச்சிட்டு விற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது நமக்கு நல்ல பாடமாகும்.

கருவியின் கதை

ஹியூலெட் பேக்கர்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 1972-இல் எச்.பி. 35 என்ற கைக் கால்குலேட்டரை 395 டாலர் விலையில் கொண்டு வந்தது. அதில் புரோகிராம் வசதி கிடையாது. 1974-இல் அதே கம்பெனி எச்.பி. 65 என்ற கருவியை 795 டாலருக்கு வெளியிட்டது. இதில் 100 தட்டல்களைப் பதியலாம். பதிந்ததைச் சிறிய காந்தப் பட்டையில் எழுதி வைத்துக் கொண்டு, வேண்டும்போது உள்ளே செலுத்தினால் பழைய கணக்கு அப்படியே திரும்பி வரும். 1975-இல் அமெரிக்க, ரஷ்ய விண்கலங்கள் வானில் இணைந்தபோது அமெரிக்க வீரர்கள் இந்தக் கருவியையும் எடுத்துச் சென்றார்கள்.

1979-இல் எச்.பி. 41சி வந்தது. விலை 295 டாலர். இது எழுத்துக்களையும் திரையில் காட்டியது. நினைவகம் 63 அறைகள், அதாவது 441 பைட். இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் இது மூடைக்கு முன்னால் ஒரு மணி அரிசி போன்றது. அந்தச் சிறிய இடத்தில் ஒரு தொழிலின் முழுக் கணக்கையும் அடக்க வேண்டும். பத்துக்குப் பத்து அடிக் கடையில் இருநூறு சரக்கு அடுக்கி வைக்கத் தெரிந்த நமக்கு அந்தச் சிரமம் புரியும்.

1981-இல் வணிகக் கணக்குக்கென்றே எச்.பி. 12சி வந்தது. வட்டி, தவணை, விழுக்காடு எல்லாவற்றுக்கும் தனி விசை உண்டு. 99 படி வரை புரோகிராமும் பதியலாம். 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த மாதிரி விற்பனையில் நீடிப்பது வணிக உலகில் ஓர் அதிசயமே.

கம்பெனிக் கையேடு இருக்க, தனிப் புத்தகம் எதற்கு?

எந்தக் கருவியோடும் ஒரு கையேடு தருகிறார்கள். ஒவ்வொரு விசையும் என்ன செய்யும் என்று அதில் இருக்கும். நம் வேலைக்கு எந்த விசையை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்பது இருக்காது. தராசு விற்பவர் தராசைப் பற்றிச் சொல்வார். பருப்பில் தூசி எவ்வளவு கழியும் என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்க வாங்கியவர்களே ஒன்று கூடினார்கள். 1974-இல் ரிச்சர்ட் நெல்சன் என்பவர் கலிபோர்னியாவில் எச்.பி. 65 பயன்படுத்துவோர் சங்கத்தைத் தொடங்கி, அதற்கு ஒரு செய்தி இதழும் நடத்தினார். ஒருவர் கண்டுபிடித்த குறுக்கு வழி அடுத்த இதழில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் இந்தச் சங்கத்தார் நூற்றுக்கு மேற்பட்ட புரோகிராம்களைத் தாங்களே எழுதி, சோதித்து, எச்.பி. 41-இல் செருகிக் கொள்ளும் ஒரு நினைவுத் துண்டாகவே செய்ய வைத்தார்கள். அதற்கான கையேடு ஏறக்குறைய 500 பக்கம். கருவி கையடக்கம், கையேடோ தலையணை அளவு!

இந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்களில் ஒருவர் வில்லியம் விக்ஸ் என்ற இயற்பியல் அறிஞர். எச்.பி. 41சி-க்குள் ஒவ்வொரு கட்டளையும் ஓர் எண்ணாகவே பதிகிறது. விசைகளை எப்படித் தட்டினாலும் உண்டாக்க முடியாத சில எண் சேர்க்கைகள் உண்டு. கருவியின் ஒரு விந்தையான இயல்பைப் பயன்படுத்தி அந்தச் சேர்க்கைகளையும் உண்டாக்கலாம் என்று சங்கத்தினர் கண்டார்கள். கையேட்டில் இல்லாத எழுத்துக்கள், ஒலிகள், மறைந்திருந்த நினைவு அறைகள் எல்லாம் அதனால் கிடைத்தன. விக்ஸ் இதை முறைப்படுத்தி 1980-இல் ஒரு புத்தகமாக்கினார். பெரிய பதிப்பாளர் எவரிடமும் போகாமல், லார்க்கன் பப்ளிகேஷன்ஸ் என்ற பெயரில் தம் சொந்த வெளியீடாகக் கொண்டு வந்தார்.

இந்த வித்தைகளுக்குக் கம்பெனி பொறுப்பேற்கவில்லை. 'தயாரிப்பாளர் ஆதரவு இல்லாதது' என்பதைக் குறிக்கும் 'நோமாஸ்' என்ற சொல்லைச் சங்கத்தினர் வழங்கி வந்தார்கள். இதில் சந்தேகம் வந்தால் கம்பெனிக்கு எழுதக் கூடாது என்பது அதன் பொருள். சரக்கைப் பற்றி உள்ளதை முன்கூட்டியே சொல்லி விற்பது என்று நாம் சொல்வோமே, அதுதான் இது. ஆனாலும் அதே கம்பெனி பின்னர் விக்ஸைத் தன்னிடம் சேர்த்துக் கொண்டது. எச்.பி. 28, எச்.பி. 48 கருவிகளின் உள் அமைப்பை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கருவிகளைப் பற்றியும் அவர் லார்க்கன் பெயரிலேயே புத்தகங்கள் வெளியிட்டார்.

எழுதுவது எப்படி? ஓர் உதாரணம்

நமக்குத் தெரிந்த கணக்கையே எடுத்துக் கொள்வோம். ஒரு பொருளின் அடக்க விலை 80 ரூபாய். விற்பனை விலையில் 20 விழுக்காடு லாபம் நிற்க வேண்டும். என்ன விலைக்கு விற்பது?

80-க்கு 20 விழுக்காடு 16, ஆகவே 96 என்று பலர் சொல்லிவிடுவார்கள். 96-க்கு விற்றால் 16 ரூபாய் லாபம். அது விற்பனை விலையில் 16.67 விழுக்காடுதான். 20 நிற்க வேண்டுமானால் 80-ஐ 0.80-ஆல் வகுத்து 100 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒரு பொருளில் 4 ரூபாய் வித்தியாசம். நாளொன்றுக்கு 50 உருப்படி போனால் 200 ரூபாய். மாதம் 25 நாளுக்கு 5,000 ரூபாய். கடை வாடகையில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

எச்.பி. 12சி-யில் இந்தக் கணக்குக்கு 5 படிகள் போதும். அதற்கு முன் கருவியின் குணத்தைச் சொல்ல வேண்டும். இதில் 'சமம்' விசை கிடையாது. முதல் எண்ணைக் கொடுத்து என்டர் விசை, பிறகு இரண்டாம் எண், கடைசியில்தான் கூட்டலோ கழித்தலோ. உள்ளே டிபன் கேரியர் போல நான்கு தட்டுகள் உண்டு. புதிய எண் அடித்தட்டில் வரும். பழையவை ஒவ்வொரு தட்டாக மேலே ஏறும். முதலில் 80 கொடுத்து என்டர் தட்டி, 20 கொடுத்து, ஓட்டும் விசையைத் தட்டினால் புரோகிராம் இப்படிப் போகும்:

தொடக்கம்: அடித்தட்டில் 20, இரண்டாம் தட்டில் 80.
படி 1, எண் 1: அடியில் 1, அடுத்து 20, அதற்கு மேல் 80.
படி 2, அடி இரண்டு தட்டுகளை இடம் மாற்றும் விசை: அடியில் 20, அடுத்து 1, மேலே 80.
படி 3, விழுக்காடு: அடியில் 0.20, அடுத்து 1, மேலே 80.
படி 4, கழித்தல்: அடியில் 0.80, அடுத்து 80.
படி 5, வகுத்தல்: அடியில் 100. இதுவே விடை.

இந்த 5 விசைகளை மட்டும் அச்சிட்டுவிட்டு எழுதியவர் ஒதுங்கிக் கொள்ளலாம். வாசகர் தட்டிப் பார்த்து வேறு விடை வந்தால், எங்கே பிசகியது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு படிக்கும் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று எழுதினால், பிசகிய இடத்தை அவரே கண்டுபிடித்துக் கொள்வார். பேரேட்டில் ஒவ்வொரு வரிக்கும் நிலுவை எழுதுகிறோமே, அதே காரணம்தான். ஆண்டுக் கடைசியில் மட்டும் நிலுவை போட்டால், தவறு எந்த மாதத்தில் புகுந்தது என்று தேட ஆயுள் போதாது.

சோதனை என்னும் முத்திரை

எடைக்கல்லுக்கு முத்திரை போல, புரோகிராமுக்குச் சோதனைக் கணக்கு. எந்தக் கணக்கைக் கொடுத்துச் சோதிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேலே சொன்ன புரோகிராமுக்கு அடக்கம் 60, லாபம் 0 என்று கொடுத்தால் விடை 60. அடக்கத்தின் மேல் விழுக்காடு ஏற்றும் தவறான புரோகிராமிலும் 60-தான் வரும். ஆகவே இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது. 80, 20 என்று கொடுத்தால் 100; 450, 10 என்று கொடுத்தால் 500. தவறான புரோகிராம் இவற்றில் 96, 495 என்று காட்டி உடனே அகப்பட்டுக் கொள்ளும்.

ஓரத்துக் கணக்குகளையும் சொல்லிவிட வேண்டும். லாபம் 100 விழுக்காடு என்று ஒருவர் கொடுத்தால், பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து கருவி பிழை என்று காட்டி நின்றுவிடும். கருவி கெட்டுவிட்டதோ என்று வாசகர் பயப்படாதிருக்கப் புத்தகத்தில் ஒரு வரி வேண்டும்.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டுமான எச்சரிக்கை என்று எண்ண வேண்டாம். எச்.பி. 35 வெளிவந்த புதிதில் அதிலேயே ஒரு பிழை இருந்தது. 2.02 என்ற எண்ணுக்கு மடக்கை எடுத்து, அதற்கு எதிர்மடக்கையும் எடுத்தால் மீண்டும் 2.02 வர வேண்டும். அது வெறும் 2 என்று காட்டியது. எத்தனையோ எண்களுக்குச் சரியாக இருந்த கருவி இந்த ஓர் எண்ணில் வழுக்கியது. அதற்குள் கருவிகள் ஆயிரக்கணக்கில் விற்றுப் போயிருந்தன. கம்பெனி வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, வேண்டியவர்களுக்கு மாற்றிக் கொடுக்க முன்வந்தது. கருவியை மாற்றிக் கொடுக்கலாம். அச்சான புத்தகம் ஊர் ஊராய்ப் போய்விட்டால் திரும்பப் பெறுவது கடினம். பிழைதிருத்தத் தாள் அச்சிட்டு அனுப்பினாலும் எல்லோர் கையிலும் சேராது. அதனால் அச்சுக்குப் போகுமுன், எழுதாத ஒருவரைக் கொண்டு தட்டிப் பார்க்கச் செய்ய வேண்டும். எழுதியவரின் கை பழக்கத்தில் சரியாகத் தட்டிவிடும். புதியவரின் கைதான் விட்டுப் போன படியைக் காட்டிக் கொடுக்கும்.

அச்சுக்கூடத்தில்

கதைப் புத்தகத்தில் ஓர் எழுத்து தவறினால் வாசகர் சரி செய்து படித்துக் கொள்வார். புரோகிராம் புத்தகத்தில் கழித்தல் குறி ஒன்று விழுந்து போனால் கணக்கே தலைகீழாகும். அச்சுக் கோப்பவருக்கு அது என்னவென்று தெரியாது, பார்த்தபடி கோப்பார். ஆகவே புரோகிராம் வரிசையைத் திரும்பத் தட்டச்சு செய்யாமல், கருவியோடு இணைத்த சிறு அச்சுப் பொறியிலிருந்து வந்த தாளையே படமெடுத்து அச்சிடுவது பாதுகாப்பான வழியாக இருந்தது. ஆனால் அது வெப்பத்தில் எழுத்து எழும் தாள். நம் கடை பில்லைப் போலவே நாளாக ஆக மங்கிவிடும். ஆகவே காலம் கடத்தாமல் படமெடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. அது நமக்கு மிகவும் பழக்கமானது: பட்டைக் கோடு. மளிகைக் கடையில் முதன்முதலாகப் பட்டைக் கோட்டை ஓட்டி விற்பனை செய்தது 1974-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் டிராய் நகரின் மார்ஷ் கடையில். பொருள் ஒரு சூயிங்கம் பொட்டலம். சில ஆண்டுகளில் எச்.பி. 41-க்கு ஒரு பேனா போன்ற கருவி வந்தது. புத்தகத்தில் அச்சிட்ட பட்டைக் கோடுகளின் மேல் அதை இழுத்தால் புரோகிராம் தானே உள்ளே போய்விடும். வாசகர் தட்டவும் வேண்டாம், தவறவும் வேண்டாம். ஆனால் மை சற்றுப் பரவினாலும், தாள் மட்டமாக இருந்தாலும் பேனா படிக்க மறுக்கும். ஆகவே அச்சுச் செலவில் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று பதிப்பிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விற்பனைக் கணக்கு

இத்தகைய புத்தகத்தை வாங்குபவர், அந்தக் கருவியை வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினரே. பெரிய பதிப்பாளருக்கு இது சிறு சரக்கு. ஆனால் சங்க உறுப்பினர் பட்டியல் கையில் இருந்தால், வாங்குபவர் யார், எங்கே இருக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது.

நம் ஊர் ரூபாயில் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தயாரிப்புச் செலவு 20,000 ரூபாய், பிரதிக்கு அச்சுக் கூலியும் தாளும் 40 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 1,000 பிரதி அச்சிட்டால் மொத்த முதல் 60,000 ரூபாய். புத்தக விலை 120. புத்தகக் கடைக்கு 35 விழுக்காடு கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 78 ரூபாய். 770 பிரதி விற்றால்தான் முதல் திரும்பும். உறுப்பினர்களுக்கு நேரடியாக அனுப்பி, தபாலுக்கு 20 ரூபாய் நாமே போட்டுக் கொண்டால் கைக்கு 100 ரூபாய். 600 பிரதியில் முதல் வந்துவிடும். முன்பணம் வாங்கிக் கொண்டு அச்சிட்டால் கடன் வட்டியும் இல்லை. சிறு பதிப்பு பிழைப்பது அச்சகத்தைக் காட்டிலும் வாடிக்கையாளர் பட்டியலைச் சார்ந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

கருவி போனால் புத்தகம்?

தேங்கிய சரக்கின் வலி நமக்குத் தெரியும். எச்.பி. 41 வரிசை 1990-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கருவி நின்றால், அதன் விசைகளை மட்டுமே சொல்லும் புத்தகத்துக்குப் புதிய வாசகர் வருவது குறைந்துவிடும். இன்று கைப்பேசியிலேயே அந்தக் கருவியின் நகல் செயலிகள் கிடைக்கின்றன. ஆர்வலர்கள் பழைய புத்தகங்களைத் தேடிப் படிக்கிறார்கள். ஆயினும் அது வியாபாரம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

அதே காலத்தில் வேறு வழியில் எழுதியவரும் இருந்தார். பெல்ஜியம் நாட்டவரான ஜான் மேயுஸ் வானிலைத் துறையில் பணி செய்தவர். சூரியன், சந்திரன், கோள்களின் நிலையைக் கால்குலேட்டரில் கணக்கிடும் முறைகளைப் புத்தகமாக எழுதினார். இந்த விசை, அந்த விசை என்று ஒரு கருவியோடு கட்டிப் போடாமல், சூத்திரத்தைச் சொல்லி, ஓர் உதாரணக் கணக்கை எண் எண்ணாகப் போட்டுக் காட்டினார். வாசகர் எந்தக் கருவியிலும் போட்டு, விடை ஒத்து வருகிறதா என்று பார்த்துக் கொள்ளலாம். 1982-இல் அமெரிக்காவின் வில்மன் பெல் என்ற சிறு பதிப்பகம் அதை வெளியிட்டது. பிறகு 1991-இல் அதன் வழியிலேயே கணிப்பொறிக்கு ஏற்ற பெரிய புத்தகமும் வந்தது. வான் கணக்குச் செயலி எழுதுவோர் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு கருவியின் நுட்பம் வேண்டியவருக்கு விக்ஸ் எழுதியது போன்ற புத்தகத்தை வேறெதுவும் ஈடு செய்யாது. எழுதுகிறவர்தான், தாம் விற்பது ஒரு பருவத்துச் சரக்கா, ஆண்டாண்டுக்கும் போகும் சரக்கா என்று முன்பே தெளிந்து அதற்குத் தக்கபடி பிரதிகளை அச்சிட வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

நம் ஊரிலும் இந்த வழக்கம் புதிதன்று. கால்குலேட்டர் வருமுன் கடைகளில் ரெடி ரெக்கனர் புத்தகம் இருந்தது. இத்தனை கிலோ, இந்த விலை என்றால் இத்தனை ரூபாய் என்று பெருக்கியே அச்சிட்டிருப்பார்கள். அதற்கும் முன்னால் எண்சுவடி மனப்பாடம். எண்சுவடியில் ஓர் எண் பிழைத்தால் அதைப் படித்த பிள்ளைகள் எல்லோரும் பிழையாகவே கணக்குப் போடுவார்கள் என்பதால், அச்சிட்டவர்கள் அதைக் கண்ணாகப் பார்த்தார்கள்.

இன்று நமக்குத் தேவையான கணக்குகள் எத்தனையோ உண்டு. மிளகாய் வற்றலில் காய்ச்சல் கழிவு போக அடக்கம், வண்டி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் மூடைக்கு எவ்வளவு விழுகிறது என்பது, ரொக்கத் தள்ளுபடிக்கும் 30 நாள் கடனுக்கும் உள்ள வித்தியாசம், மேலே சொன்ன விற்பனை விலைக் கணக்கு இவையெல்லாம் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விதமாகப் போடப்படுகின்றன. மண்டியில் எங்களிடம் கணக்குப் பழக வரும் பையன்களுக்கு இவற்றை வாய்மொழியாகத்தான் சொல்லித் தருகிறோம். கேட்டுக் கொண்டு போனதை எழுதி வைப்பவர் மிகச் சிலரே.

ஆகவே அன்பர்களுக்கு எங்கள் யோசனை இதுதான். ஒவ்வொரு துறை வணிகரும் தம் கணக்கு வழி ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதட்டும். எந்தக் கருவியிலும் போடும்படி சூத்திரம், படிப்படியாக நிலுவை, தவறு செய்தால் அகப்பட்டுக் கொள்ளும்படியான இரண்டு சோதனைக் கணக்குகள், ஓரத்துக் கணக்கு ஒன்று என இத்தனையும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். வேறு துறை வணிகர் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்து ஒப்புக் கொண்ட பிறகே அச்சுக்குக் கொடுக்கலாம். உறுப்பினரிடம் முன்பணம் பெற்று, வேண்டிய பிரதி மட்டும் அச்சிடலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தட்டிப் பார்த்து விடை ஒத்து வந்த கணக்கு அந்தக் குறைக்கு ஆளாகாது. நாளை கடையில் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு அது உதவும்.